விலாவை விலக்காமல்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை அளவுக்கு உடலை உலுக்கிப்போடும் அறுவைகள் குறைவு. மார்பைத் திறந்து, விலா எலும்புகளை விலக்கி, ஒரு பக்க நுரையீரலைச் சுருங்கவிட்டு, மூச்சுக்குழாயையும் பெருந்தமனியையும் ஒட்டிக் கிடக்கும் உணவுக்குழாயைப் பிரித்தெடுப்பார்கள். பிறகு இரைப்பையைக் குழாய் போலத் தைத்து மேலே இழுத்து இணைப்பார்கள். கண் விழித்த நோயாளிக்கு இருமினால் உயிர் போகும் வலி. இருமாவிட்டால் சளி தேங்கி நிமோனியா. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2012 முதல் 2016 வரை 112 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் திறந்த அறுவை. மற்றதற்குச் சிறு துளைகள் வழியே ரோபோ. மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரலைத் திருப்ப, மார்புக்குள் கருவியின் நுனி மணிக்கட்டுபோல வளைகிறது. 2019-இல் முடிவு வந்தது: நுரையீரல் சிக்கல் திறந்த அறுவையில் 58 சதவீதம், ரோபோ அறுவையில் 32. எத்தனை பேருடைய மூச்சு அது! ஆனால் பெருமை முழுவதையும் இயந்திரத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்பீடு திறந்த அறுவையோடுதான். ரோபோ இல்லாத துளை அறுவையே நுரையீரல் தொற்றைக் குறைக்கும் என்று நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையிலான இன்னொரு ஆய்வு 2012-இலேயே காட்டிவிட்டது. ரோபோவை விளம்பரப்படுத்தும் மருத்துவமனைகள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவி எதுவானாலும் அதை இயக்கும் கையின் பழக்கமும் முக்கியம் என்பதால், நோயாளியின் குடும்பமும் தயங்காமல் கேட்கலாம்: “டாக்டர், வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்யறீங்க?”