கோடு போட்டது யார்?

ஒரு சமுதாயம் நகரத்தின் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. சந்து குறுகல், சாக்கடை வசதி இல்லை, ஓர் அறைக்குள் ஆறு பேர். இதைப் பார்க்கிற மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அவர்கள் அப்படித்தான். தங்கள் ஆட்களோடு சேர்ந்து இருக்கத்தான் அவர்களுக்குப் பிடிக்கும்" என்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் கறுப்பின மக்களும் பல்லாண்டு காலம் இதைக் கேட்டவர்கள்தாம். அது பொய் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு பொருளாதார அறிஞர் அவர்களிலிருந்தே எழுந்தார். அவரை நம் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டும்.

ராபர்ட் வீவர் என்பது அவர் பெயர். 1907 இல் வாஷிங்டனில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஹார்வர்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, பள்ளிப் பருவத்திலேயே எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு தொழிற்சங்கத்தில் சேரப் போனார். தோலின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஹார்வர்டில் பொருளாதாரம் படித்து 1934 இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே உள்துறையில் அரசுப் பணிக்கு வந்துவிட்டார். அங்கே வெள்ளையர் மட்டுமே சாப்பிட்டு வந்த உணவு விடுதியில் நண்பர் வில்லியம் ஹேஸ்டியுடன் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். சிலர் அமைச்சரிடம் புகார் சொன்னார்கள். அமைச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுதி எல்லோருக்கும் திறந்தது.

சகோதரர்களே! வீவரின் வாழ்நாள் வேலை என்னவென்று புரிய, அந்த நாட்டில் வீட்டுக்கடன் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டி பற்றிய மார்க்கத்தின் நிலை நம் வாசகர்களுக்குத் தெரியும். இங்கே விஷயம் வேறு. ஓர் அரசு தானே உத்தரவாதம் கொடுத்து நடத்திய திட்டத்தில், தன் குடிமக்களிலேயே ஒரு சாராருக்கு மட்டும் கதவைச் சாத்தியதே இங்கே விஷயம்.

1934 இல் அமெரிக்க அரசு கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகத்தை ஏற்படுத்தியது. வீடு வாங்குபவர் கடனைக் கட்டாமல் போனால் வங்கிக்கு நட்டம் வராமல் அரசு பார்த்துக்கொள்ளும். இதனால் சாதாரணத் தொழிலாளிகூடச் சிறு தொகையை முன்பணமாகக் கட்டி, மீதியை 20 ஆண்டுகளில் அடைத்து, சொந்த வீட்டுக்காரர் ஆனார். அற்புதமான திட்டம்! ஆனால் எந்த வீட்டுக்கு உத்தரவாதம் கொடுக்கலாம் என்று அதிகாரிகளுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். ஒரு பகுதியில் வெவ்வேறு இனத்தவர் கலந்தால் சொத்தின் மதிப்பு விழும், ஆகவே அங்கே எச்சரிக்கையாக இருங்கள் என்றது அது. வீட்டைக் கறுப்பருக்கு விற்க மாட்டோம் என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவதை 1938 ஆம் ஆண்டுக் கையேடு சிபாரிசே செய்தது. அரசின் இன்னொரு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், அதற்கடுத்து மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டியது. கறுப்பர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன.

டெட்ராய்ட் நகரில் இது எங்கே போய் முடிந்தது தெரியுமா? கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு மனை போட்ட ஒருவருக்கு அரசு உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941 இல் அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது! அந்தச் சுவரின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

வியாபாரிகளான உங்களுக்கு அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். வாங்க ஆள் ஏராளம். வாங்க அனுமதிக்கப்பட்ட வீடுகளோ கொஞ்சம். விலை என்ன ஆகும்? நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி வாங்கியவர்கள், மிக மோசமான வீட்டுக்கு, வெள்ளையர் கொடுத்ததைவிட அதிக வாடகை கொடுத்தார்கள். வங்கி கடன் தராததால் சிகாகோவில் தரகர்களிடம் தவணைக்கு வீடு வாங்கினார்கள். தரகர் வாங்கிய விலையைப் போல இரு மடங்கு விலை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரகர் கையில். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. அதே வீட்டை அடுத்த ஏமாளிக்கு விற்பார் தரகர். கடனைச் சமாளிக்க வீட்டுக்காரர் ஒரு வீட்டை நான்காகத் தடுத்து வாடகைக்கு விடுவார். கூட்டம் பெருகும், குப்பை பெருகும். உடனே கையேடு எழுதியவர்கள், "பார்த்தீர்களா, கறுப்பர் வந்தால் பகுதி கெட்டுவிடும் என்று சொன்னோமே" என்பார்கள்!

இந்தச் சூழ்ச்சியைத்தான் வீவர் 1948 இல் 'நீக்ரோ கெட்டோ' என்ற நூலில் அவிழ்த்துக் காட்டினார். வட அமெரிக்க நகரங்களின் கறுப்பர் சேரிகள் தானாக முளைத்தவை என்பதை அவர் மறுத்தார். மனை வணிகர், கட்டுநர், கடன் கொடுப்போர், அரசு அலுவலகம் எல்லோரும் சேர்ந்து உருவாக்கியவை அவை என்று ஆதாரங்களை அடுக்கினார். சொத்து மதிப்பைக் குறைப்பது குடிவந்தவரின் நிறம்தானா? அளவுக்கு மீறிய நெரிசலும் பராமரிப்பின்மையும் பீதியில் விற்பதும்தானே! உண்மையிலேயே வீட்டின் தரம்தான் உங்கள் கவலை என்றால், ஒரு வீட்டில் இத்தனை பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது, அதைத் துண்டு போடக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக நிபந்தனை எழுதுங்கள். இனத்தை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டார். எதிரியின் வாதத்தை எடுத்து எதிரியிடமே நீட்டுகிற இந்த முறையை நம் பேச்சாளர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேடையில் கை தட்டல் கிடைக்காது. ஆனால் பதில் சொல்ல முடியாமல் மற்றவன் விழிப்பான். அதே 1948 இல், செயின்ட் லூயிஸ் நகரின் ஷெல்லி என்ற கறுப்பர் தொடர்பான வழக்கில், இப்படிப்பட்ட இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீவரின் இன்னொரு வேலை எங்களை அதிகம் கவர்ந்தது. 1930களில் அரசுப் பணத்தில் குடியிருப்புகள் கட்டிய ஒப்பந்தக்காரர்கள் கறுப்புக் கொத்தனாரையும் தச்சரையும் சேர்க்கவில்லை. "நான் பாகுபாடு காட்டவில்லை, ஆள் கிடைக்கவில்லை" என்பது எல்லா ஒப்பந்தக்காரரும் சொல்லும் பதில். வீவர் 1930 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினார். அந்த நகரில் இத்தனை கறுப்புத் தொழிலாளர் இருக்கிறார்கள், ஆகவே மொத்தக் கூலியில் இத்தனை சதவீதம் அவர்களுக்குப் போயிருக்க வேண்டும், போகாவிட்டால் அதுவே பாகுபாட்டுக்கு முதல்நிலைச் சான்று என்று ஒப்பந்தத்தில் விதி சேர்க்க வைத்தார். நிரூபிக்க வேண்டிய சுமை பாதிக்கப்பட்டவன் தலையிலிருந்து இறங்கி ஒப்பந்தக்காரர் தலையில் ஏறியது!

1961 இல் ஜனாதிபதி கென்னடி, வீவரை நாட்டின் வீட்டுவசதி நிதி அமைப்பின் தலைவராக்கினார். எந்தக் கையேட்டை எதிர்த்து எழுதினாரோ அதை வெளியிட்ட நிர்வாகம் அவருக்குக் கீழே வந்தது. ஆனாலும் என்ன! தேர்தலின்போது, வீட்டுவசதியில் பாகுபாட்டை ஒரு பேனாக் கோட்டில் ஒழிக்கலாம் என்று பேசிய கென்னடி, பதவிக்கு வந்தபின் கையெழுத்துப் போடாமல் காலம் கடத்தினார். வெறுத்துப்போன மக்கள் வெள்ளை மாளிகைக்குப் பேனாக்களைத் தபாலில் அனுப்பினார்கள். 1962 நவம்பரில்தான் ஆணை வந்தது. அதுவும் பெரும்பாலும் அரசு உதவி பெறும் புதிய வீடுகளோடு நின்றுவிட்டது. வீட்டுவசதிக்குத் தனி அமைச்சகம் அமைத்து வீவரை அமைச்சராக்கும் திட்டத்தையும் 1962 இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. 1965 இல் ஜான்சன் காலத்தில் அமைச்சகம் பிறந்தது. 1966 ஜனவரியில் வீவர் அதன் முதல் அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பர் அவர்தான்.

பதவிக்கு வந்ததும் எல்லாம் நடந்துவிட்டதா? இல்லை. சேரி ஒழிப்பு, நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பர் குடியிருப்புகள் இடிக்கப்படுவது அவர் காலத்திலும் தொடர்ந்தது. இது நகரச் சீரமைப்பல்ல, நீக்ரோ அகற்றல் என்று மக்கள் கசப்போடு பேசினார்கள். அவர் மெல்லப் போகிறார் என்று சொந்த இனத்தவரே குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது என்றே நாம் நினைக்கிறோம். ஆயினும் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் கடன் கொடுப்பதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் வீவர். சட்டத்துக்குப் பல் இல்லை. சமரசம் பேசுவதைத் தவிர அமைச்சகத்துக்கு அதிகாரம் தரவில்லை. அதைச் சரிசெய்ய 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீவர் 1997 இல் காலமானார்.

அவர் பிடித்த வழியில் பிறகும் ஆட்கள் வந்தார்கள். வங்கிகள் எந்தப் பகுதியில் எவ்வளவு வீட்டுக்கடன் கொடுத்தன என்பதை வெளியிட வேண்டும் என்று 1975 இல் சட்டம் வந்தது. அந்த விவரங்களோடு மேலும் தகவல் திரட்டி பாஸ்டன் மத்திய வங்கிக் கிளையின் ஆய்வாளர்கள் 1992 இல் ஓர் அறிக்கை தந்தார்கள். கறுப்பரும் ஹிஸ்பானியரும் கொடுத்த விண்ணப்பங்களில் 28 சதவீதம் நிராகரிக்கப்பட்டன, வெள்ளையருடையதில் 10 சதவீதம். வருமானம், பழைய கடன் நிலுவை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

இது அமெரிக்கக் கதைதானே என்கிறீர்களா? பிரதமர் மன்மோகன் சிங் 2005 இல் அமைத்த நீதிபதி சச்சார் குழு, 2006 நவம்பரில் கொடுத்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சில வங்கிகள் சில பகுதிகளை 'எதிர்மறைப் பகுதிகள்' என்று குறித்து வைத்துக்கொண்டு அங்கே கடன் எளிதில் தருவதில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. சிவப்புப் பென்சில்தான், வரைபடம் மட்டும் வேறு! அந்தக் குழுவின் உறுப்பினர்-செயலராக இருந்து புள்ளிவிவரங்களைத் திரட்டியவரும் ஒரு பொருளாதார அறிஞரே, அபூசாலிஹ் ஷரீஃப்.

நம் கடைவீதிகளில் "எனக்கு லோன் தர மாட்டேன்னுட்டாங்க பாய்" என்ற பேச்சைக் கேட்காத நாளில்லை. யாருக்கு, எந்தத் தெருவில், எவ்வளவு கேட்டு, என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003 இல் சிறு கடன்களுக்கு நெறிமுறை வகுத்தது. 2007 இல் எல்லா வகைக் கடன்களுக்கும் அதை விரிவாக்கியது. மேனேஜர் வாயால் சொல்லி அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். வாங்கிய கடிதத்தின் நகல் ஒன்றை உங்கள் ஊர் ஜமாஅத்திலோ வியாபாரிகள் சங்கத்திலோ கொடுங்கள். கல்லூரி படிக்கும் தம்பிகளில் கணக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நோட்டுப் போட்டு, தெரு, தொகை, தேதி, காரணம் என்று வரிசையாக எழுதி வரட்டும்.