கயிறு வாங்குவது யார் கடமை?



ஷா ஆலம் சாலையோரத்தில் புல் ஒரே மட்டமாக நிற்பதைப் பார்த்து மகிழ்கிறவர் பலர். வெட்டியவனைப் பற்றிக் கேட்கிறவர் இல்லை. 1978-இல் சிலாங்கூரின் தலைநகராகும் முன் அது சுங்கை ரெங்கம். ரப்பரும் செம்பனையும் நின்ற பூமி. மரம் போயிற்று. பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தோளில் இன்று புல்வெட்டும் இயந்திரம் தொங்குகிறது. தோட்டத்து நிரையிலும் அதே இயந்திரந்தான்.

இயந்திரத்தின் தலையில் சுழலும் நைலான் கயிறு தேயும் பொருள். கல்லில் பட்டால் அறும், வேலியில் பட்டால் அறும். "இயந்திரம் எங்களுடையது, கயிறு உன்னுடையது" என்று சில குத்தகைக்காரர்கள் நியாயம் பேசுகிறார்கள். வேறு சிலர் பேசுவதே இல்லை, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கெழுதும் கிராணிகளாகிய நமக்கு அது எந்தப் பத்தியில் ஒளிந்திருக்கும் என்று தெரியாதா? 'இதர வகை'! பால் மரம் வெட்டுகிறவனிடம் மங்குக்கு விலை கேட்டால் விடுவோமா? இதை மட்டும் ஏன் விடுகிறோம்?

சில வெள்ளி விவகாரந்தானே என்பவர்களுக்குச் சொல்கிறோம். கைக்காசு போட்டு வாங்குகிறவன் மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பான். கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பியை முடிகிறான். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றில் கம்பித் துண்டு ஒடிந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். பக்கத்து நிரையில் நிற்பவள் கண்ணுக்கு யார் விலை கொடுப்பது?

நேரமும் திருடு போகிறது. முறைப்படி மாற்றுவதென்றால் இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கின் தொப்பியைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்து, கயிற்றின் இரு பாதியும் சமமாக, அம்புக்குறி காட்டும் பக்கம், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். (காய்ந்து முறியும் கயிற்றை முதல்நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் நைலான் ஈரம் குடித்து வளையும், இது நம் அனுபவசாலிகள் அறிந்தது.) ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அந்நேரத்திற்குச் சல்லிக்காசு கிடையாது. ஆகவே இயந்திரம் ஓட ஓடவே கைவைக்கிறான். அடிக்கடி மாற்றும் தொல்லை வேண்டாமென்று தடுப்புத் தகட்டையே கழற்றி, கயிற்றை நீட்டி விடுகிறான். கல் நேரே காலுக்கு வருகிறது.

1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகையைக் கண்டு, பொரித் தகரத்தில் தூண்டில் தங்கூசியைக் கோத்து இதைச் செய்தார். இரும்பு அலகு தன் வீட்டு மரங்களின் பட்டையைக் காயப்படுத்தக்கூடாது என்பது அவர் கவலை. பட்டையின் அருமை நமக்குத் தெரியும். மனிதத் தோல் பட்டையிலும் மலிவா?

சட்டம் ஊமையல்ல. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 26-ஆம் பிரிவு: அச்சட்டப்படி முதலாளி செய்ய வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. முகமூடிக்கும் காலுறைக்கும் பணம் பிடிக்கிறவன் இதற்குப் பதில் சொல்லட்டும். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24-ஆம் பிரிவு, நினைத்தபடி சம்பளம் பிடிப்பதைத் தடுக்கிறது.

1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அதையும் அற்பம் என்றார்கள்.

ஆகவே கயிறு, கண்ணாடி, தடுப்புத் தகடு மூன்றும் முதலாளி செலவு. மாற்றும் நேரம் வேலை நேரம். பிடித்தம் உள்ள சம்பளச் சீட்டை வீசாமல் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கிராணித் தோழர்கள் 'இதர வகை' என்று எழுதுவதை நிறுத்தி, 'கயிறு' என்றே எழுதட்டும்.