நினைவு மலரில் இல்லாத கடல்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கையில் தரும் நினைவு மலரில் தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும். கடலோடிகளின் ஊரான வல்வெட்டித்துறையில் வாழ்ந்த அப்பப்பாவின் மலரானாலும், கடல் பெரும்பாலும் ஒரு வரியோடு சரி. எந்தக் கப்பலில் போனார், தண்டையல் (கப்பல் தலைவர்) யார், எந்தக் காற்றில் பாய் விரித்தார்கள், அந்த உழைப்பில் எந்தப் பிள்ளை படித்தது என்பதையும் அச்சேற்ற வேண்டும். துக்கத்தின் புத்தகத்தில் சரித்திரம் எதற்கு என்பார்கள். எழுதாதது மறைந்துவிடும் என்பதற்காகத்தான். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளுடன் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டரை அடைந்தது நமக்குத் தெரிகிறது. அதை வாங்கிய ராபின்சன், உலகைச் சுற்றிவந்து புத்தகமும் எழுதிய கடலோடி; அதனால் அது பதிவானது. பர்மாவுக்கு அரிசி ஏற்றப் போன கப்பல்களுக்கு அந்த யோகம் இல்லை.

கேட்டு எழுதினால் முதியவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்பது நியாயமான சந்தேகந்தான். மிகையைத் துறைமுகப் பதிவோடு ஒப்பிட்டுக் கழிக்கலாம். எழுதாமல் விட்டதை எதனோடு ஒப்பிடுவது? உண்மையான தடை வேறு: சில பயணங்கள் சுங்கத்துக்குத் தெரியாமல் நடந்தவை என்ற கூச்சம். அவற்றை விட்டுவிடுங்கள். அப்பப்பா கடலில் இருந்த மாதங்களில் அப்பம்மா வீடு நடத்திய கணக்கையாவது எழுதலாம்; அதற்குச் சுங்கம் கிடையாது.