மெஷின் வாங்க முதல் பீடத்தைச் செய்யுங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் ஜும்மா முடிந்து வெளியே வரும்போது ஒரு நானா சொன்னார். நம் பொடியன்மாருக்குத் தொழில் பழக்கும் இடத்துக்கு இன்னொரு மில்லிங் மெஷின் வாங்கச் சல்லி சேர்க்கிறார்களாம். நல்ல காரியம். நானும் தருவேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சல்லியை மட்டும் கொடுத்தால் எனக்கு நித்திரை வராது.

முதல் மெஷின் வந்த நாள் பலருக்கு ஞாபகம் இருக்கும். பேனர் கட்டினோம், ஃபோட்டோ எடுத்தோம், எல்லோருக்கும் ஷோட் ஈட்ஸ் கொடுத்தோம். பூம் ட்ரக் மெஷினை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வாசலிலிருந்து அது நிற்க வேண்டிய இடம் இருபது அடி. அந்த இருபது அடிக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. மூன்று பைப் துண்டும் ஓர் அலவாங்கும் எடுத்துப் பொடியன்மாரைக் கூப்பிட்டோம். உள்ளே போகும் இடத்தில் தரை கொஞ்சம் பள்ளம். அங்கே ஒரு பைப் விலகியது. மெஷின் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து பைப்பை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் கால் விரல் இரண்டு அதற்குக் கீழே போய்விட்டது. ரப்பர் செருப்புப் போட்டிருந்தான்.

"தள்ளு, தள்ளு" என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். வகுப்பில் புவியீர்ப்பு மையம் படிப்பிக்கிற ஆள் நான். கல்வியியற் கல்லூரியில் அதற்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டி நல்ல புள்ளியும் வாங்கியவன்.

மெஷின் இன்றும் ஏறக்குறைய சரிந்த இடத்திலேயே நிற்கிறது. மேசையை இடப்பக்கம் முழுதாக ஓட்டினால் சுவரில் இடிக்கும். பின்னால் இருக்கிற எண்ணெய்க் கசிவைத் துடைக்கவும் ஆள் போக இடமில்லை. இன்னொரு தடவை நகர்த்துவோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த வகை மெஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் வேர்க்ஷொப்களில் இருக்கிறவை பெரும்பாலும் ஒரே பரம்பரை. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் 1938இல் வந்த மெஷினைப் பார்த்துத் தாய்வானிலும் மற்ற நாடுகளிலும் செய்தவை. எடை ஏறத்தாழ ஒரு தொன். உயரம் ஏழடிக்குக் கிட்ட. மோட்டரும் தலையும் உச்சியில் இருக்கின்றன, நிற்கிற அடியோ சுமார் இரண்டடி அகலம்தான். மேல் தட்டில் அரிசி மூட்டை வைத்த அலுமாரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். புவியீர்ப்பு மையம் மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, அடியின் பாதி அகலம் ஓர் அடி என்று வைத்தால், 16 பாகை சரிந்தாலே மெஷின் விழும். அடியை மூன்றடி அகலமாக்கி, மையத்தையும் அரை அடி இறக்கினால் அது 27 பாகை ஆகிறது. இதற்குப் பெரிய செலவு இல்லை. தலையைத் திருப்பி மோட்டர் கீழே வரும்படி தொங்கவிட வேண்டும். மேசையோடு இருக்கும் முழங்கால் பகுதியைக் கடைசி வரை இறக்கி, தலைக்கும் மேசைக்கும் இடையில் ஒரு மரக்கட்டை கொடுக்க வேண்டும். மேசையை நடுவுக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அரை மணித்தியால வேலை. அன்று நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

பைப்பில் உருட்டுவது பிழை என்று நான் சொல்லவில்லை. 1770இல் ரஷ்யாவில் பீட்டர் மன்னரின் சிலைக்காக ஆயிரம் தொன்னுக்கும் மேற்பட்ட ஒரு பாறையை வெண்கல உருண்டைகளின் மேல் வைத்து இழுத்துப் போனார்கள். ஆனால் அந்த உருண்டைகள் ஓடுவதற்குப் பள்ளம் வைத்த பாதையை முதலே செய்து வைத்திருந்தார்கள். நாங்கள் செய்து வைத்திருந்தது பேனர் மட்டும்தான்.

சில்லு வைத்த பீடம் செய்வோம் என்று நான் சொன்னபோது அனுபவமுள்ள ஒரு பாஸ் சிரித்தார். மில்லிங் மெஷினுக்குச் சில்லு போடுகிறவன் தொழில் தெரியாதவன் என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. கட்டரின் பல் ஒவ்வொன்றும் இரும்பில் விட்டுவிட்டுத்தான் அடிக்கும். மெஷின் சில்லில் நின்றால் அந்த அடியில் முழு உடம்பும் ஆடும். வெட்டிய முகம் வரி வரியாக வரும், கட்டரும் உடையும். ஆனால் அவர் தன் சொந்தக் கட்டடத்தில் முப்பது வருடம் ஒரே மூலையில் வேலை செய்தவர். நம் பொடியன்மாருக்கு அது கிடைக்குமா? கொம்பனித்தெருவில் கராஜ் இருந்த எத்தனை இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாடகைக் கட்டடத்தில் தரையில் போல்ட் அடிக்கச் சொந்தக்காரர் விடமாட்டார். கொழும்பில் சின்னத் தொழில் செய்கிறவன் எப்போதாவது ஒரு நாள் இடம் மாறத்தான் வேண்டும்.

அதனால் என் கருத்து இது: சில்லு நகர்த்துவதற்கு மட்டும், வெட்டுவதற்குக் கால். பீடத்தின் நாலு மூலையிலும் தடித்த நட்டை வெல்டிங் செய்து, 20 மில்லிமீற்றர் போல்ட்டை அதில் இறக்கி, கீழே தட்டையான இரும்புப் பாதம் வைத்தால் போதும். இடம் சேர்ந்ததும் ஸ்பனரால் திருகினால் மெஷின் மெல்ல எழும்பும், சில்லு நாலும் தரையை விட்டுவிடும். ஸ்பிரிட் லெவல் வைத்துச் சரி பார்த்து லொக் நட்டை இறுக்கலாம். பாஸிடம் இதை வரைந்து காட்டினேன். "அப்படியென்றால் சரி" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

பீடத்தில் ஆட்கள் செய்கிற பெரிய பிழை, சில்லை மெஷினுக்கு நேர் கீழே வைப்பது. அப்போது மெஷின் ஆறு அங்குலம் உயர்ந்துவிடும், சரிவதும் இன்னும் லேசாகிவிடும். சனல் இரும்பில் சட்டம் செய்து, மெஷின் தரைக்கு ஓர் அங்குலம் மேலே தொட்டில் போல உட்கார வேண்டும். சில்லு நாலும் வெளியே நீட்டிய கைகளின் முனையில் இருக்க வேண்டும். மெஷினின் அடியில் உள்ள போல்ட் துளைகள் வழியாக அதைச் சட்டத்தோடு பூட்ட வேண்டும்.

சில்லு வாங்கும்போது எடையை நாலால் வகுக்காதீர்கள். நம் தரை எங்கே மட்டமாக இருக்கிறது? ஏதாவது ஒரு சில்லு எப்போதும் அந்தரத்தில்தான் நிற்கும். மூன்றால் வகுத்து, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்து, ஒரு தொன் மெஷினுக்கு ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்குகிற சில்லாக எடுங்கள். வெறும் ரப்பர் வேண்டாம், நின்ற இடத்தில் நசுங்கிவிடும். இரண்டு சில்லு திரும்பினால் போதும், மற்ற இரண்டும் நேராக ஓடட்டும். டைல் போட்ட தரையென்றால் தடித்த பலகை விரிக்காமல் உருட்டாதீர்கள். கதவையும் அளந்துகொள்ளுங்கள், மேசை மட்டுமே 42 அங்குலம் வரும்.

இதையெல்லாம் மெஷின் வந்த பிறகு செய்யலாம்தானே என்று ஒரு தம்பி கேட்டார். செய்யலாம். ஆனால் வந்த பிறகு அதைப் பீடத்தில் ஏற்றத் திரும்பவும் தூக்க வேண்டும், திரும்பவும் பூம் ட்ரக்குக்குக் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்குள் அது வரவும் மாட்டாது. விற்கிறவரிடம் அடியின் அளவையும் துளைகளின் தூரத்தையும் கேட்டு, பீடத்தை முதலே செய்து வாசலில் வைத்திருந்தால், ட்ரக் நேரே அதன் மேல் இறக்கிவிட்டுப் போகும். பிறகு நாலு பேர் மெதுவாகத் தள்ளினால் போதும். பஞ்சிகாவத்தையில் பழைய இரும்பு தேடினால் செலவு மெஷினின் விலையில் சிறு பங்குதான்.

பிரச்சினை சல்லி அல்ல என்பது எனக்குத் தெரியும். மெஷினில் அன்பளிப்புச் செய்தவரின் பெயரை ஒட்டலாம். தரைக்கு ஓர் அங்குலம் மேலே எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்து கிடக்கிற பீடத்தில் யார் பெயரை ஒட்டுவது? அதனால்தான் அதற்கு யாரும் முன்வருவதில்லை. கோபிக்க வேண்டாம், நானும் அந்த ஃபோட்டோவில் நிற்கிறேன்.

சேர்க்கிற சகோதரர்களிடம் கேட்பது இதுதான். இந்த முறை பட்டியலில் முதல் வரியில் பீடத்தை எழுதுங்கள். இரண்டாவதாகப் பொடியன்மாருக்கு இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து. மெஷினை மூன்றாவதாக எழுதுங்கள். சல்லி குறைந்தால் மெஷின் இரண்டு மாதம் பிந்தி வரட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை வந்து வரைபடத்தைப் பார்த்தான். முன்பக்கக் கைகள் நீட்டிக்கொண்டிருந்தால் மெஷினில் நிற்கிறவரின் கால் தடக்குமே சேர் என்று கேட்டான். எனக்கு அது தோன்றவே இல்லை. முன்பக்கக் கைகளைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி இப்போது மாற்றி வரைந்திருக்கிறேன். வெல்டிங் தெரிந்தவர்கள் யாராவது அஸருக்குப் பிறகு வந்து பார்த்தால், இன்னும் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கொமென்டில் சொல்லுங்கள், வரைபடத்தை அனுப்பி வைக்கிறேன்.