பழம் படங்களும் நம் கருத்துக்களும்

நூலைப் பற்றிக் கருத்துரைப்பதற்குப் புலமை வேண்டும் என்பர். திரைப்படத்தைப் பற்றிக் கருத்துரைப்பதற்கு யாது வேண்டும்? இவ்வினாவை எம்முள் எழுப்பியது எமது வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றாகும். அதனைக் கூறுதல் எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் ஆசிரியர் தம் பிழையை மாணவர் முன் மறைத்தல் முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடுமுறையிற் கண்டதொன்றைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு பத்தாந் தர மாணவரைப் பணித்தோம். ஒரு மாணவன் தன் பாட்டனாரோடு வீட்டிலிருந்து பார்த்த 'அந்த நாள்' என்னும் படத்தைப் பற்றி எழுதியிருந்தான். எஸ். பாலச்சந்தர் நெறிப்படுத்த, ஏவி.எம். நிறுவனத்தார் 1954 இல் வெளியிட்ட படம் அது. பாட்டு ஒன்றேனும் இல்லாதது. 1943 இல் சென்னையில் யப்பானியர் குண்டு வீசிய காலத்தையொட்டிய கதை. வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கின்றான். கொன்றவர் யார் என்பதைத் துப்பறிவோர் ஆராய்கின்றனர். சிவாஜி கணேசன் ஏற்ற அப்பாத்திரம் பகைவருக்குத் துணைபோனவன். எமது மாணவனோ, அவன் பிறவித் துரோகி அல்லன் என்றும், தன் அறிவுக்கு மதிப்புக் கிட்டாமையால் விளைந்த மனக்கசப்பே அவனைக் கெடுத்தது என்றும், படம் அவனைத் தண்டிக்கின்றதேயன்றி வெறுக்கவில்லை என்றும் எழுதியிருந்தான். யாம் சிவப்பு மையாற் கோடிட்டு, 'தவறு' எனக் குறித்தோம்.

எந்த ஆதாரத்தைக் கொண்டு அங்ஙனம் குறித்தோம்? 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த காலத்தில், அயலவர் காசு சேர்த்து வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருக்க, முற்றத்துப் பாயிலே பாதி உறக்கத்திற் கண்ட நினைவு ஒன்றே எமது ஆதாரம். பின்னர் தீபாவளி விடுமுறையில் அப்படத்தை முதலிலிருந்து முடிவுவரை பார்த்தோம். மாணவன் கண்டது சரி. யாம் குறித்ததே தவறு. அதனை வகுப்பில் எழுந்து நின்று கூறினோம். அன்று தொட்டு, திரைக்கலை பயிலாத ஒருவர் தம் வீட்டிலிருந்து சொல்லும் கருத்தை எளிதிற் புறக்கணிப்பதில்லை.

எனினும் எல்லாக் கருத்தும் ஒரே நிறையுடையன என்று யாம் கூறவில்லை. 'நல்ல படம்', 'அறுவைப் படம்' என்னும் ஒற்றைச் சொற்கள் கருத்தாகா, அவை தீர்ப்புக்கள். காரணங் காட்டும்போதே தீர்ப்புக் கருத்தாகின்றது. அதற்கு மூன்று ஒழுங்குகள் போதும் என்பது எமது துணிபு.

முதலாவது, படத்தை முழுதும் காண்டல். வீட்டிலே நினைத்தபோது நிறுத்தலாம், முன்னே ஓட்டலாம், திரும்பவும் பார்க்கலாம். திரும்பப் பார்த்தல் வரம். தாவிப் பார்த்தல் குற்றம்.

இரண்டாவது, படம் தோன்றிய காலத்தையும் கருவிகளையும் அறிதல். எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948 இல் பெரிய திரைக்கென எடுக்கப்பட்டது. பேரிகைகளின்மேல் நிகழும் அதன் நடனத்தைக் கைப்பேசியிற் கண்டு, இதில் என்ன வியப்பு என வினவுதல், கோபுரத்தை அஞ்சல் முத்திரையிற் கண்டு உயரம் போதாது என்பதை ஒக்கும். அவ்வாறே, 'பராசக்தி' (1952) போன்ற படங்களில் நடிகர் உரத்துப் பேசுவதைக் கண்டு இளைஞர் நகைப்பர். அக்கால நடிகர் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர். கடைசி வரிசையில் இருப்பவர் செவிக்கும் எட்டப் பேசிப் பழகியவர். இதனை அறிந்த பின்னரும் ஒருவருக்கு அந்நடிப்புப் பிடியாதிருக்கலாம். அது அவர் உரிமை. அறியாமல் நகைத்தலே பிழை.

மூன்றாவது, பழமை கருதிக் குற்றத்தை மன்னியாமை. கணவன் கன்னத்தில் அறைந்தவுடன் மனைவி திருந்துவதும், நிறத்தையும் உருவத்தையும் பழித்து நகையூட்டுவதும் பழம் படங்கள் பலவற்றிற் காணப்படுவன. அன்று அவையிருந்தோர் சிரித்தனர் என்பது வரலாறு; இன்று யாம் சிரிக்க வேண்டும் என்பது நியதியன்று. பாட்டனார் போற்றிய படத்தைப் பேரன் மறுத்தல் அவமதிப்பாகாது.

இக்கருத்துக்களை எழுதி வைத்தல் ஏன் இன்றியமையாதது? தமிழ் கற்றோர் இதற்கு விடை அறிவர். வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழு நூலாக இல்லை. உரையாசிரியர்களும் தொகுத்தோரும் எடுத்தாண்ட செய்யுட்கள் சிலவே எஞ்சியுள்ளன. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி அலைந்து 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியிராவிடின், அந்நூல் நம் கைக்கு எட்டுவது எத்துணைக் காலம் தாழ்ந்திருக்குமோ! ஏட்டைச் செல் அரிக்கும். படச்சுருளோ வெப்பத்தாலும் நெருப்பாலும் அழியும். 1983 ஆடிக் கலவரத்திற் கொழும்பை அடுத்த ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் உடன் எரிந்தன. தமிழகத்துப் பழம் படங்களை இன்று வீட்டிலிருந்தே காணலாம். நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைத் தேடியே காண வேண்டியுள்ளது. 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) என்பவற்றின் பெயரைக்கூட எமது மாணவரிற் பலர் அறியார். இவற்றை வெளிவந்த காலத்திலே கொட்டகையிற் கண்டோர் பழைய மாணவரிடையே இன்றும் உளர். அவர்தம் நினைவும் கருத்தும் எழுத்தில் ஏறாது போயின், நாளை அப்படங்களுக்கு உரையுமில்லை, மூலமுமில்லை என்னும் நிலை எய்தக்கூடும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். கல்லூரி நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்படுக. பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் யாவரும் தாம் கண்ட பழம் படமொன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக. படத்தின் பெயர், ஆண்டு, கண்ட இடம், தம் கருத்து, அதற்குக் காரணம் ஆகிய ஐந்தும் இருத்தல் போதும். மொழிநடை பற்றி அஞ்சற்க. எழுத்துப் பிழை திருத்த எம்போலியர் உளர். கருத்தைத் திருத்த முற்படோம் என உறுதி கூறுகின்றோம்.

அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்திற்கு உரியது எதுவெனவும் துணிந்துள்ளோம். பெற்றோர் இசைவுடன் அம்மாணவனின் கட்டுரையை அங்கே ஒட்டுவோம், எமது சிவப்புக் கோட்டை அழியாமலே.