"எந்த வருஷ மாடல்?" என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள்!

சென்னையில் செகண்ட்ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வருஷ மாடல் சார்?" என்பதுதான்.

வேளச்சேரியைச் சேர்ந்த குமாஸ்தா ஒருவரும் அப்படித்தான் கேட்டார். கார் கன்சல்டிங் ஆசாமி சளைக்காமல் பதில் சொன்னார்: "2014 சார். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டி!"

(இந்த ஊரில் விற்பனைக்கு வரும் கார்களில் பாதி டாக்டர் வண்டிதான். இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரி வாசலில் ஏன் கியூ நிற்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.)

வெள்ளை நிற டிசையர், டீசல். பெயின்ட் பளபளவென்று இருந்தது. குமாஸ்தாவின் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை என்று சொசைட்டியில் லோன் போட்டு, 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வண்டியை எடுத்தார்.

நாலாவது மாதம், மழை இரவு. தரமணி ரோட்டில் வண்டி நின்றது. டேஷ்போர்டில் உள்ள அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. பின் சீட்டில் அப்பா!

மறுநாள் மெக்கானிக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் காய்ந்த வண்டல் மண். சீட் ஓடும் தண்டவாளம் முழுக்கத் துரு. "சார், இது 2015 வெள்ளத்துல குளிச்ச வண்டி" என்றார்.

போலீசுக்குப் போனார் குமாஸ்தா. "ஆர்.சி. சரியா இருக்கு. நீங்களே ஓட்டிப் பார்த்து கையெழுத்து போட்டு வாங்கியிருக்கீங்க. நான் என்ன கேஸ் போடுறது?" என்று கேட்டு அனுப்பி விட்டார்கள். வயிற்றெரிச்சல் அதுதான்!

அப்படியானால் வருஷத்தைக் கேட்பது வீணா? வீணில்லை. கேட்க வேண்டும். ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

ஒரு பெயர், பல வண்டி

டிசையர் என்ற பெயரில் ஓடுவது ஒரே வண்டி அல்ல. 2008 மார்ச்சில் வந்தது 4 மீட்டருக்கு மேல் நீளம். வரிச் சலுகைக்காக வாலை வெட்டி 4 மீட்டருக்குள் அடக்கியது 2012 பிப்ரவரியில். 2017 மே மாதம் வந்தது மூன்றாவது. 2024 நவம்பரில் நாலாவது.

புது உருவம் வந்தவுடன் தயாராகிற முதல் லாட்டை மெக்கானிக்குகள் தொட மாட்டார்கள். "கம்பெனி நம்ம தலையில பாடம் படிக்கும்" என்பார்கள். இது வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. 2017 பிப்ரவரி முதல் ஜூலை வரை தயாரான 21,494 டிசையர்களை, பின்சக்கர ஹப்பில் கோளாறு இருக்கலாம் என்று கம்பெனியே திருப்பி அழைத்தது. அத்தனையும் மூன்றாவது உருவத்தின் முதல் லாட்!

பழைய உருவமும் தப்பவில்லை. 2010 மார்ச் முதல் 2013 ஆகஸ்ட் வரை தயாரான டீசல் வண்டிகளில் வயரிங் பிரச்சினை. டிசையர், ஸ்விப்ட், ரிட்ஸ் சேர்த்து 69,555 வண்டிகளை 2014-ல் அழைத்தார்கள். 2013 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி ஆரம்பம் வரை தயாரான வண்டிகளில் எரிபொருள் ஊற்றும் குழாயில் சந்தேகம். எர்டிகா, ஸ்விப்ட், டிசையர் மூன்றும் சேர்த்து 1,03,311.

அழைத்ததற்காகக் கம்பெனியைத் திட்ட வேண்டாம். இலவசமாகத்தான் சரி செய்து கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் வாங்கப் போகிற வண்டி அப்போது போய் நின்றதா? சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சர்வீஸ் கணக்கையும் அங்கேயே கேளுங்கள். மீட்டரில் 60 ஆயிரம் காட்டும் வண்டி, மூன்று வருஷத்துக்கு முன்பே 1 லட்சத்து 10 ஆயிரத்தில் சர்வீசுக்கு வந்த கதையெல்லாம் வெளியே வரும்.

இன்னொன்று. வருஷம் என்றால் எந்த வருஷம்? தயாரான வருஷமா, பதிவான வருஷமா? ஆர்.சி.யில் இரண்டும் இருக்கிறது. நம் குமாஸ்தாவின் "2014" வண்டி தயாரானது 2013 டிசம்பரில்! ஒரு வருஷம் கூட்டிச் சொன்னால் விலையும் கூடும். 2010, 2011 வண்டி மலிவு என்று பாய்கிறவர்களுக்கு: 15 வருஷத்தில் பதிவு முடியும். புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. எப்.சி., பசுமை வரி எல்லாம் அதற்கு மேல்.

என்னைக் கேட்டால், பழைய உருவத்தில் 2015, 2016 பெட்ரோல். கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் 2018 கடைசி அல்லது 2019 பெட்ரோல். 2017 உருவத்திலிருந்து எல்லா வண்டியிலும் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய் வருகிற குடும்பத்துக்கு டீசல் எதற்கு? அதிலும் மஞ்சள் போர்டில் ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறியது நிறைய. பின் சீட்டும் பின் கதவுக் கைப்பிடியும் முன்னதைவிடத் தேய்ந்திருந்தால் உஷார்!

டிசம்பரில் எங்கே நின்றது?

இத்தனையும் பார்த்த பிறகும் சென்னைக்காரன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் இந்த வண்டி எங்கே நின்றது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கே நின்றது? முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, வேளச்சேரி, பள்ளிக்கரணை என்றால் விடாதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அது. தண்ணீர்க் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியைத் தடவுங்கள். பழைய இன்சூரன்ஸ் பேப்பரைக் கேளுங்கள். கிளெய்ம் போடாத ஓனருக்கு நோ கிளெய்ம் போனஸ் வருஷா வருஷம் ஏறி 50 சதவீதம் வரை போகும். அதே ஓனரிடம் இருந்த வண்டிக்கு 2016-ல் அது திடீரென்று பூஜ்யம் என்றால், ஏதோ பெரிய கிளெய்ம் போயிருக்கிறது. என்னவென்று கேளுங்கள். பேப்பர் தொலைந்து விட்டது என்றால் நீங்களும் அங்கிருந்து தொலைந்து விடுங்கள்.

வாங்குகிறவன் இப்படித் துப்பறிய வேண்டிய அவசியம் என்ன? எந்தெந்த வண்டி மூழ்கியது என்று பணம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தெரியும். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வண்டிக்குக் கடன் இருந்தால் ஆர்.சி.யில் ஏறி விடுகிறது. வெள்ளத்தில் போன வண்டி என்று எழுத மட்டும் அதில் இடமில்லை! பைனான்ஸ்காரன் பணத்துக்கு இருக்கிற பாதுகாப்பு, குமாஸ்தா பணத்துக்கு ஏன் இல்லை? போக்குவரத்துத் துறை பதில் சொல்லட்டும்.

அந்த வெள்ளை டிசையர் இப்போது கவர் போட்டு வீட்டு வாசலில் நிற்கிறது. விற்று விடலாமே என்று கேட்டேன். "இன்னொருத்தன் தலையில கட்ட மனசு வரல சார்" என்றார்.

அப்பா மறுபடி ஆட்டோவில்தான் போகிறார். சொசைட்டி லோன் இன்னும் 31 மாதம் பாக்கி.