வரிக்கு வரி படித்தால் வருவது உயிரியல் அல்ல

‘வரிக்கு வரி படி’ என்பது நீட் பயிற்சி உலகின் தாரக மந்திரமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இயற்பியலுக்குத்தான் மூளை வேண்டும், உயிரியலுக்கு நினைவாற்றல் போதும், என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஒரு வரியையும் விடாமல் நெட்டுருப் போட்டவர் உயிரியலை முடித்துவிட்டார் என்பது அதன் உட்பொருள். நீட் தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல் என்பதால் இந்த மந்திரத்துக்குச் சந்தையில் நல்ல விலை. பிளஸ் டூ வகுப்பிலும் குரல் அதேதான், புத்தகம் மட்டும் வேறு: ‘புக் பேக்’ வினாக்களை முடித்துவிடு, ஒன் மார்க் முழுதாக வந்துவிடும். இந்த அறிவுரை மதிப்பெண் வாங்கித் தரும், அதை மறுக்கவில்லை. அப்படி வாங்கிய மதிப்பெண்ணையே ஒரு பிள்ளையின் உயிரியல் அறிவுக்கு அளவாக ஆசிரியரும் பெற்றோரும் அரசும் ஏற்றுக்கொண்டிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உயிரியலில் பெயர்கள் அதிகம், ஆகவே அது மனப்பாடப் பாடம் என்பது முதல் வாதம். பெயர்கள் வேண்டும்தான். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் பாகங்களைப் படத்தில் குறிக்கத் தெரிந்தவருக்கு, அது வேலைநிறுத்தம் செய்தால் இதயத் தசைக்கு என்ன ஆகும் என்பது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ‘கூற்று–காரணம்’ வினாக்கள் இருக்கின்றனவே, அவை சிந்தனையைச் சோதிக்கவில்லையா என்பார்கள். கூற்றும் காரணமும் புத்தகத்தின் அடுத்தடுத்த இரண்டு வரிகளாக இருக்கும்போது அதுவும் மனப்பாடச் சோதனைதான்.

முழு மதிப்பெண் முழு அறிவைக் காட்டுகிறது என்பதுதான் உண்மையான வாதம். ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். ஒளிவினை எங்கே நடக்கிறது, கால்வின் சுழற்சியில் முதலில் உருவாகும் சேர்மம் எது, சி4 தாவரத்துக்கு எடுத்துக்காட்டு எது என்று கேட்டால் வரிக்கு வரி படித்தவர் யோசிக்காமல் விடை குறிப்பார். அவரிடமே ஒரு தேக்குக் கட்டையைக் கொடுத்து, இத்தனை எடையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து என்பார், இல்லையென்றால் தண்ணீரிலிருந்து என்பார். இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. 1997இல் அமெரிக்காவில் வந்த ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ஆவணப்படத்தில், பேர்பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களே இந்தக் கேள்வியில் தடுமாறினார்கள். மண் அல்ல என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துபோன செய்தி. வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டைத் தாண்டியது. மண் இழந்ததோ சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது தவறு, ஆனால் காற்றின் பங்கை அறிய வழியில்லாத காலத்து மனிதரின் தவறு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன், அந்தக் கார்பன் வந்தது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து. இலை வெளிவிடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து பிரிந்து வருவது என்பதை 1941இல் ரூபனும் கேமனும் ஆக்சிஜனின் கன ஐசோடோப்பைக் கொண்டு காட்டினார்கள். இவை இரண்டும் மாணவர் படித்த பாடத்திலேயே இருக்கின்றன. இரண்டையும் அவர் ஒப்பிப்பார். இரண்டையும் சேர்த்துத் தன் கையிலிருக்கும் கட்டையை விளக்க அவருக்கு வரவில்லை, ஏனென்றால் அப்படிச் சேர்த்துப் பார்க்கும்படி எந்தத் தேர்வும் அவரைக் கேட்டதில்லை.

லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் இப்படியெல்லாம் கேட்டு யார் திருத்துவது என்ற மறுப்பு உடனே வரும். இதற்கு விடை கிடைத்து 40 ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆஸ்திரேலியாவில் ஹாஸ்லமும் டிரெகஸ்டும் ஒளிச்சேர்க்கை, தாவரச் சுவாசம் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஈரடுக்கு வினாத்தாள் ஒன்றை உருவாக்கி 1987இல் வெளியிட்டார்கள். முதல் அடுக்கு விடையைக் கேட்கும், இரண்டாம் அடுக்கு அந்த விடைக்கான காரணத்தைக் கேட்கும். காரணங்களாகத் தரப்படும் தவறான ஆப்ஷன்கள், மாணவர்களே சொன்ன தவறான விளக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ‘தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன?’ என்றால் ‘எல்லா நேரமும்’ என்று குறிப்பது எளிது. அடுத்த அடுக்கில் ‘பகலில் ஒளிச்சேர்க்கைதான் சுவாசம்’, ‘இலைத்துளை உள்ள இலைகள் மட்டுமே சுவாசிக்கும்’ என்பவை ‘உயிருள்ள எல்லாச் செல்லுக்கும் எப்போதும் ஆற்றல் வேண்டும்’ என்பதோடு நிற்கும்போதுதான் மனத்தில் இருப்பது வெளிவரும். நம்மூரில் இன்னொரு ஆப்ஷனும் சேர்க்கலாம். இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது, மரம் கரியமில வாயுவை விடும் என்ற விளக்கம் வகுப்பறையிலேயே புழங்குகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். திறந்தவெளி மரம் விடுவதோ காற்றில் கலந்து போய்விடும். ஒரு மாணவர் இதை யோசித்திருக்கிறாரா என்பதை ஓ.எம்.ஆர். தாளிலேயே கண்டுபிடிக்கலாம். திருத்துவது இயந்திரம்தான், கடினமான வேலை வினா எழுதுபவருக்கு, அதற்கு அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அவருக்குத்தான் முதலில் வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை அடிக்கடி சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும் என்று ஊரே பேசுகிறது. மருந்தைப் பார்த்த பிறகு எதிர்ப்பு உருவாவதில்லை, தாங்கக்கூடிய சில பாக்டீரியாக்கள் கூட்டத்தில் முன்பே இருக்கின்றன என்பதை ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் இணையர் 1952இல் தங்கள் அச்சுத்தட்டு முறையால் காட்டினார்கள். மருந்து மற்றவற்றைக் கொல்கிறது, இவை பெருகுகின்றன. ‘இயற்கைத் தேர்வு’க்கு வரையறை எழுதி மதிப்பெண் பெற்றுவிட்டு, கிருமி பழகிக்கொள்கிறது என்றே நம்பியபடி ஒருவர் மருந்துச்சீட்டு எழுத உட்காரலாம். இன்றைய தேர்வு அவரைத் தடுக்காது.

கடைசியாக நீட்டப்படுவது ஏழைப் பிள்ளையின் பெயர்: மனப்பாடம்தான் கிராமத்துப் பிள்ளைக்கும் தமிழ்வழிப் பிள்ளைக்கும் எட்டும் வழி, காரணம் கேட்டால் அவர்கள் தோற்றுப்போவார்கள் என்று. இது அந்தப் பிள்ளைகளின் மூளையை அவமதிக்கும் பேச்சு. நீட் தேர்வு, பயிற்சிக்குச் செல்பவர்களுக்கும் மறுபடி எழுதுபவர்களுக்கும் சாதகமாக இருக்கிறது என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தமிழக அரசுக்கு அறிக்கை கொடுத்தது. கூடுதலாக ஓர் ஆண்டும் பயிற்சிக் கட்டணமும் கையில் இருப்பவருக்குத்தான் ஆயிரம் வரிகளை ஐந்தாவது முறையாக உருப்போட முடியும். விதை முளைப்பதையும் குப்பைக்குழியில் இலை மக்குவதையும் அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளையிடம், மக்கிய இலையின் எடை எங்கே போனது என்று கேட்டால் அவர் ஏன் தோற்க வேண்டும்? மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் நம் பிள்ளைகள் தமிழில் சொல்லும் தவறான காரணங்களைத் திரட்டி, பிளஸ் டூ தாளில் சில ஒன் மார்க் வினாக்களையாவது ஈரடுக்காக்க முடியும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.